பூங்காவில் குடியிருந்தவர்கள்

எஸ்தர் அக்கா அன்றைக்கு என் வீட்டுக் கேட்டைத் தட்டவில்லை. வெளியே நின்றபடியே ஒரு காகிதத்தை விரித்து என் காம்பவுண்டு சுவர்மேல் வைத்தார். காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் நான்கு ஜல்லிக்கல்லை எடுத்து வைத்தார். ஜல்லி என்னுடையது. வீடு கட்டி மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாயில் பிரஷ்ஷோடு நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஓரிடத்தில் நின்று பல் தேய்க்க எனக்கு வராது. உட்கார்ந்து யோசிக்கவும் வராது. "உங்க கால்ல யாரு சாவி கொடுத்து விட்டாங்க?" என்று என் மனைவி விஜயா கேட்பாள்.

"சார், இப்படிக் கொஞ்சம் வாங்க. இதுல எங்க வூடு எங்க கீதுன்னு காட்டுங்க."

எட்டிப் பார்த்தேன். எங்கள் கஜலட்சுமி நகரின் மனை வரைபடம். என் மனை, எதிர்மனை, பக்கத்து மனை எல்லாம் தீப்பெட்டி தீப்பெட்டியாக இருந்தன. மேற்கு ஓரத்தில் ஒரு நீள்சதுரம். அதற்குள் குடை மாதிரி மூன்று மரங்கள்.

"எனக்குப் படிக்க வரும் சார். 'பூங்கா (உத்தேசம்)'னு போட்டுக்கீது. இதோ பனமர வரிசை. இது கொளம். அப்போ நடுவுல கீறது நாங்க. நாங்க பூங்காவுல குடியிருக்கிறோம். இத்தினி வருசமா தெரியாமப் போச்சு, பாருங்க."

வரைபடத்தோடு இன்னொரு தாள் தைக்கப்பட்டிருந்தது. அது மனுவின் நகல். அழகான கையெழுத்து. வரிக்கு வரி சமமான இடைவெளி. அதை எழுதியவனின் வாயில் அப்போது நுரை நிறைய இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. என் வாழ்க்கையில் பேஸ்ட் செய்த ஒரே உதவி அதுதான்.

மூன்றாவது தாள்தான் விஷயம். தாலுகா ஆபீஸ் நோட்டீஸ். பூங்கா இடத்தை ஆக்கிரமித்திருக்கும் நாற்பத்தோரு குடும்பங்கள் தாங்களாகவே காலி செய்ய வேண்டும். தவறினால் அரசு காலி செய்யும். கெடு முடிய இரண்டு வாரம் இருந்தது.

பெருங்களத்தூருக்கு அப்பால்

எண்பதுகளின் நடுவில், தாம்பரத்துக்கு அப்பால் மனை வாங்குகிறவனை மாம்பலத்து உறவினர்கள் ராணுவத்துக்குப் போகிறவனைப் பார்ப்பது போல் பார்ப்பார்கள். தாம்பரம் வரை மின்சார ரயில் உண்டு. அதற்கு அப்பால் ரயில் என்பது மழை மாதிரி. வரலாம் என்று எதிர்பார்க்கலாம்.

எங்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆளுக்கொரு தயிர்சாதப் பொட்டலம், ஒரு வரைபடம். வரைபடத்தில் நாற்பதடிச் சாலைகள் இருந்தன. கீழே வேலிகாத்தான் முள் இருந்தது. நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறியது. அப்போதும் தரையைப் பார்க்கவில்லை, "இது எத்தனையாவது குறுக்குத் தெரு?" என்று கேட்டேன்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மனை வாங்கிய எங்கள் எல்லாருக்கும் அந்த வியாதி இருந்தது. ஊரைப் படத்தில்தான் பார்ப்போம். இல்லாத பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதாக உறவினர்களுக்கு இன்லண்ட் லெட்டர் எழுதுவோம். வராத பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம் என்போம்.

மேற்கே பனைமர வரிசைக்குப் பின்னால் ஒரு குடியிருப்பு உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். காலனி என்போம். என் வீட்டுக்குக் கொத்தனார் அங்கிருந்து வந்தார். பாத்திரம் தேய்க்கும் முனியம்மா அங்கிருந்து வந்தார். அவர்கள் பனைமரத்துக்குப் பின்னாலிருந்து வருவார்கள், பனைமரத்துக்குப் பின்னால் போவார்கள். வரைபடத்திலிருந்த பூங்காவும் பனைமரத்துக்குப் பின்னால்தான் என்று எனக்குத் தெரியும். இந்த இரண்டு விவரமும் என் மண்டையில் ஒரே நேரத்தில் வாடகைக்கு இருந்தன. ஒன்றையொன்று ஒரு தடவைகூடச் சந்திக்கவில்லை.

பூங்கா என்றால், பனைகளுக்கும் அப்பால் ஏரிக்கரைப் பக்கம் முள்ளாகக் கிடக்கிறதே, அதுதான் என்று ஒரு யூகம் வைத்திருந்தேன். போய்ப் பார்த்ததில்லை.

பலித்த மனு

பத்திரிகைகளில் நான்கு துணுக்கு வந்துவிட்டால் அந்த மனிதனைக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக்கி விடுவது நம் வழக்கம். சங்கத் தலைவர் சாமிநாதன், விமானப்படையில் வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் உத்தரவிடுவார், நான் எழுதுவேன்.

தெருவிளக்குக்கு எழுதினேன். ஒரு வருஷம் கழித்து, விளக்குக் கம்பம் இருக்கிறதா என்று பதில் வந்தது. இல்லை என்றேன். கம்பம் இல்லாத இடத்துக்கு விளக்கு கோர விதியில்லை என்றார்கள். கம்பத்துக்கு எழுதினேன். தெருவே இல்லை என்றார்கள். பேருந்துக்கு எழுதினேன். தபால் பெட்டிக்கு எழுதினேன். அந்த மனுவைப் போட இரண்டு கிலோமீட்டர் நடந்தேன்.

இந்த எரிச்சலில்தான், வரைபடத்துப் பூங்காவை அமைத்துத் தரக் கோரிய மனுவில் கொஞ்சம் மசாலா தூக்கலாகப் போட்டேன். "மேற்படி பூங்கா இடத்தை நாங்கள் நேரில் பார்வையிட்டதில், சில சமூக விரோதிகள் அவ்விடத்தை ஆக்கிரமித்துப் பொதுமக்களுக்குப் பெரும் இடையூறு விளைவித்து வருவது தெரியவந்தது."

யாரையும் நினைத்து எழுதவில்லை. மனுவில் 'சமூக விரோதிகள்' வருவது சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. முள்ளுக்குள் நாலு பேர் சீட்டு ஆடுவார்கள் என்று விஜயாவின் தம்பி சொல்லியிருந்தான். அவனும் பார்த்ததில்லை.

நான் எழுதியதிலேயே அரசாங்கம் உடனே நம்பியது அது ஒன்றைத்தான். எழுத்தாளனுக்கு இதைவிடக் கேவலம் வேறில்லை.

"மொதல்ல பாருங்க"

எஸ்தர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வெள்ளைப் புடவையை உயர்த்திக் கட்டியிருப்பார். காலனியில் மாதர் சங்கம் என்று ஒன்றை அவரே ஆரம்பித்து, கூட்டத்தை அடிபம்பு அருகில் நடத்துவார். தண்ணீர் பிடிக்க எல்லாரும் வந்தே ஆக வேண்டும் என்பதால் கோரம் பிரச்சினை கிடையாது. இந்து வீடும் கிறிஸ்தவ வீடும் பாதிப் பாதி. அவருக்கு எல்லாரும் ஒரே வார்டு நோயாளிகள்.

காலனி இளைஞர்கள் ஜி.எஸ்.டி. ரோட்டை மறிக்கலாம் என்றார்களாம். "மறிக்கலாம்டா. அது எங்க போவுது, அங்கியேதான் கீது. மொதல்ல எழுதுனவரைப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு என் சுவருக்கு வந்திருக்கிறார்.

வாயைக் கொப்பளித்துவிட்டு, "வாபஸ் வாங்கிடறேம்மா. இன்னிக்கே எழுதித் தரேன்" என்றேன்.

"வாங்கிட்டா? நாளைக்கு இன்னொருத்தர் எழுதுவாரு. உங்களாட்டம் நல்லா எழுதுறவங்க ஊருக்கு ஒருத்தர் கீறாங்களே."

"பின்னே என்ன செய்யணும்?"

"வந்து பாருங்க. வூடு வூடாப் பாத்து நீங்களே ஒரு படம் போடுங்க. இந்த மூணு மரத்துக்குப் பதிலா."

அன்று சாயங்காலமே போனேன். பனைமரத்தைத் தாண்டியதும் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றேன். எஸ்தர் அக்கா என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். இவன் இங்கே வந்ததே இல்லை என்று அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. "கொளத்தாண்ட திரும்புங்க சார்" என்றார்.

எனக்கு வரையத் தெரியாது. அளக்க டேப்பும் இல்லை. காலால் அளந்தேன். ஓயாமல் நடந்து பழகிய கால் அன்றைக்குத்தான் ஒரு காரியத்துக்கு உதவியது. இரண்டு தெரு, ஒரு சந்து, ஓடு போட்டது, ஓலை வேய்ந்தது என்று குறித்துக்கொண்டே வந்தேன்.

"இன்னா எழுதுற?" என்று ஒரு பெண் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"குடிசை, ஒன்று."

"எது குடிசை? உன் வூட்ல மழைக்கு ஒழுவலியா? வூடுன்னு எழுது."

வீடு என்று எழுதினேன். மொட்டை மாடி ஒழுகுவது இவருக்கு எப்படித் தெரியும் என்று திரும்பினால், என் வீட்டுக்குக் கலவை சுமந்த சித்தாள் சரோஜா.

ஒரு பெரிய கிணற்றைத் தாண்டினோம். "இதைப் போட்டுக்கங்க. உங்க சொவருக்கு இங்கேர்ந்துதான் தண்ணி வந்துச்சு. பீப்பாய் வெச்ச மாட்டுவண்டியில" என்றார் எஸ்தர் அக்கா. மூன்று வாரம் அந்த மாட்டுவண்டியை நான் மேற்பார்வை பார்த்திருக்கிறேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதில்லை. குழாயிலிருந்து வருகிற மாதிரி வண்டியிலிருந்து வருகிறது என்று விட்டுவிட்டேன்.

நான்கு நாள் ஆனது. என் படத்தில் கோயில் சாய்ந்திருந்தது; சர்ச் தெருவைவிடப் பெரிதாக வந்துவிட்டது. ஆனால் நாற்பத்தோரு வீடும், ஒவ்வொன்றிலும் பெயரும் இருந்தன.

பிள்ளையார் சமாசாரம்

நடுவில் ஒரு நாள் கன்னியப்பனைப் பார்க்கப் போனேன். மனை போட்டு விற்றவர். பழைய கிராமத்து விவசாயக் குடும்பம். நிலத்தைக் கூறு போட்டபின் வெள்ளை வேட்டி இன்னும் வெள்ளையாகியிருந்தது. மனைப் பிரிவுக்கு இவ்வளவு காலியிடம் விட வேண்டும் என்று சட்டம். கன்னியப்பன் விட்டார், பிறத்தியார் இடத்தை.

"நாற்பத்தோரு வீடு இருக்கிற இடத்துல மரம் வரைஞ்சிருக்கீங்களே?"

"இன்னா சார் நீங்க, படிச்சவரு. கல்யாணப் பத்திரிகைல புள்ளையார் போடறோம். புள்ளையாரா வந்து பந்தியில பரிமார்றாரு? படம்னா அப்படித்தான் சார்."

"நோட்டீஸ் வந்திருக்கு."

"அது நீங்க எழுதினது. நானா எழுதச் சொன்னேன்? ஒண்ணும் பேஜார் வாணாம். ஏரிக்கரையோரம் எடம் காட்டறேன், போகச் சொல்லுங்க. நல்ல காத்து."

காற்று நல்ல காற்றுதான். ஐப்பசியில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும். திரும்பி வரும் வழியில், என்னைப் போன்ற மனிதனை இவர் எவ்வளவு துல்லியமாக எடை போட்டு மனை விற்றிருக்கிறார் என்று வியந்துகொண்டே வந்தேன். வியப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை.

பெஞ்ச் ஊர்வலம்

அடுத்த ஞாயிறு மாலை நாலு மணிக்குப் பொதுக்குழு. இடம், தலைவரின் கார் ஷெட். பழைய ஃபியட்டை வெளியே நிறுத்திவிட்டு இரும்பு மடக்கு நாற்காலிகளைப் போடுவோம். உறுப்பினர்களுக்கு மட்டும்தான் நாற்காலி. காலனி ஆட்கள் எப்போதாவது ஏதாவது சொல்ல வந்தால் கேட்டருகே மணல் குவியலோரம் நின்று சொல்வார்கள். நாங்கள் உட்கார்ந்து கேட்போம். யாரும் அப்படி விதி போடவில்லை. அதனால் யாரும் அதை மாற்றவும் இல்லை.

நாலு அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது தெருக்கோடியில் புழுதி கிளம்பியது. முதலில் என்னவென்று தெரியவில்லை. பிறகு பார்த்தால் பெஞ்சுகள் நடந்து வந்தன.

காலனி சர்ச்சின் மர பெஞ்சுகள். மொத்தம் எட்டு. ஒவ்வொன்றையும் நான்கு பேர் தோளில் தூக்கி வந்தார்கள். தூக்கியவர்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறு. முன்னால் எஸ்தர் அக்கா. நேராக ஷெட்டுக்குள் வந்து, எங்கள் நாற்காலிகளுக்கு எதிரே, அதே உயரத்தில், வரிசையாகப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"இதென்ன?" என்றார் சாமிநாதன்.

"நிக்க வெச்சிப் பேசுவீங்கன்னு தெரியும் சார். எங்காளுங்க காலைலேர்ந்து நின்னு வேலை பாக்கறவங்க. கால் வலிக்கும்ல? அதான் எடுத்துகினு வந்துட்டோம்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் காலாட்டிக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் அக்கா மனுவின் நகலை எடுத்து நிதானமாகப் படித்தார். 'சில சமூக விரோதிகள்' வந்ததும் நிறுத்தினார். பெஞ்ச் பக்கம் திரும்பினார்.

"எந்திரி முனியம்மா. இது முனியம்மா. செகரட்டரி சார் வூட்ல பாத்திரம் தேய்க்கிறா. இது சரோஜா, உங்க தெருவுல முக்காவாசி வூட்டுக்குக் கல்லு தூக்கினது. ஏசுதாஸ், எந்திரிப்பா. ரயில்வேல கேங்மேன். நீங்க ஆபீஸ் போற தண்டவாளத்துல போல்ட்டு முடுக்கறவரு. இந்த அம்மா தனபாக்கியம். பிரசிடெண்ட் சாரோட சம்சாரத்துக்கு ஒடம்பு முடியாதப்போ ரெண்டு மாசம் கூட இருந்தாங்க. இதுல சமூக விரோதி யாருன்னு காட்டுனா, நாங்களே போலீசுல புடிச்சிக் குடுத்துடறோம்."

என் வலப்பக்கத்து உறுப்பினர் செருப்பில் ஒட்டிய மண்ணை ஆராய்ந்தார். இடப்பக்கத்தவர் இல்லாத கொசுவை அடித்தார். அவர்களையெல்லாம் சமூக விரோதி என்று இவர்களும் நினைத்ததில்லை. எழுதியதும் நினைத்ததும் வேறு வேறு மனிதர்கள் மாதிரி எல்லாருக்கும் என்மேல் கோபம் வரத் தொடங்கியது.

நான் எழுந்து, அலுவலகத் தமிழில் ஆரம்பித்தேன். "மேற்படி சொல்லாட்சி எழுத்துநடை காரணமாகத் தவறுதலாக நேர்ந்துவிட்ட ஒரு..."

"அத்த விடுங்க சார்" என்றார் எஸ்தர் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "நேர்ல பாத்தோம்னு எழுதிக்கிறீங்க. பாத்தீங்களா, பாக்கலியா?"

எனக்கு வெளியே போக வேண்டும் போலிருந்தது. நடக்க வேண்டும், தாம்பரம் வரைக்கும், முடிந்தால் பல்லாவரம் வரைக்கும். எதிரே எட்டு பெஞ்ச். வழியில்லை.

"பார்க்கலை" என்றேன்.

நான் பொதுமேடையில் பேசியதிலேயே சின்ன உரை அது. கைதட்டல் இல்லை.

சாமிநாதன் எழுந்தார். காலனி பக்கம் அவர் திரும்பவே இல்லை, என்மேல் பாய்ந்தார். "பார்க்காமயே பார்த்தேன்னு எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்கினீரா? முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு பொய் ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போட்டதில்லை, ஓய்! இப்பவே வாபஸ் லெட்டர் எழுதும். எழுதுறப்ப கண்ணைத் திறந்துண்டு எழுதும்."

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். விஷயம் முடிந்தது என்று எல்லாரும் எழுந்தோம்.

எஸ்தர் அக்கா எழவில்லை. "எங்களையும் சங்கத்துல சேத்துக்கணும். நாங்க உள்ள கீறப்போ எங்களப் பத்தித் தெரியாம எழுத மாட்டீங்க. வெளிய இருந்தா எழுதுவீங்க."

"அது முடியாதும்மா. பைலாவிலே மனை வாங்கினவங்க மட்டும்தான் உறுப்பினர்" என்றார் சாமிநாதன்.

"பைலாவை எழுதுனது யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதுவும் நான்தான்.

"அடுத்த வருஷம் பரிசீலிக்கலாம்" என்றார் தலைவர்.

"சரிங்க சார். அது வரைக்கும் பெஞ்ச் இங்கியே இருக்கட்டும்."

தரையில் நடந்த ஆராதனை

பெஞ்சுகள் ஒரு வாரம் அந்த ஷெட்டில் இருந்தன. ஃபியட் வேப்பமரத்தடியில் நின்றது. காக்கைகளுக்கு அந்தக் கார் பிடித்துப்போய்விட்டது. சாமிநாதன் தினம் காலையில் பக்கெட்டும் துணியுமாக நின்றார். பெஞ்சைத் தூக்கி வெளியே போடலாமே என்று ஓர் உறுப்பினர் யோசனை சொன்னபோது, "சாமி சாமான் ஓய், நீர் தூக்கும்" என்றார். யாரும் தூக்கவில்லை.

எனக்கு அந்த வாரம் தூக்கம், உட்காருதல் இரண்டும் போயின. வாபஸ் கடிதத்தைத் தாலுகா ஆபீஸில் கொடுத்தபோது குமாஸ்தா முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு, "லெட்டர் வந்தது சரி. ஆனா நோட்டீஸ் போனது போனதுதானே" என்று சொல்லியிருந்தார். நாள் ஓடிக்கொண்டிருந்தது. காலனியில் சிலர் சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கியிருப்பதாக முனியம்மா சொன்னார். பாத்திரத்தை வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தார்.

ஞாயிறு காலை நான் சர்ச் பக்கம் போனேன். எல்லாரும் மணலில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். முடிந்து வெளியே வந்த எஸ்தர் அக்காவிடம், "தரையிலே உட்கார வேண்டியதாப் போச்சே அக்கா" என்றேன். அப்போதுதான் முதல் தடவை அக்கா என்று கூப்பிட்டேன் என்று நினைக்கிறேன்.

"ஆண்டவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு சார். உங்க பைலாதான் சொல்லும்."

நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் வேப்பமரத்தடியில் பக்கெட்டோடு நின்றிருந்தார். நான் சொல்லச் சொல்லத் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"தனபாக்கியத்தை எழுந்து நிக்கச் சொன்னாங்களே, அன்னிக்கு. என் வீட்டுக்காரி அதுலேர்ந்து என்னோட பேசலை ஓய்" என்றார்.

அன்று மாலை அவர் அவசரப் பொதுக்குழு கூட்ட, பைலாவில் 'மனை வாங்கியவர்' என்பதை அடித்து, 'நகரிலும் அதை ஒட்டியும் குடியிருப்பவர்' என்று எழுதினேன். மூன்று பேர் எதிர்த்தார்கள். ஒருவர் ராஜினாமா செய்தார். மறுமாதம் தண்ணீர் லாரி விஷயமாகத் திரும்பி வந்து சேர்ந்துகொண்டார். நாற்பத்தோரு பெயரையும் உறுப்பினர் பதிவேட்டில் ஏற்றி முடித்தபோது விளக்கு வைக்கும் நேரம்.

பெஞ்சுகள் திரும்பிப் போயின. இந்தத் தடவை நானும் ஒன்றில் ஒரு மூலை பிடித்தேன். பாதி வழியில் மூச்சு வாங்கியது. ஏசுதாஸ், "விடுங்க சார், நீங்க பேனா புடிங்க" என்று வாங்கிக்கொண்டார்.

ஜீப்

மறுநாள் காலை ஜீப் வந்துவிட்டது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னால் ஒரு வேனில் கடப்பாரையும் ஆட்களும். குளத்தருகே காலனி முழுதும் நின்றது. நகரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தோம். எல்லாரும் வரவில்லை. சாமிநாதன் இஸ்திரி போட்ட சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார்.

"மனுதாரர் யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சங்கம்" என்றார் சாமிநாதன்.

"ஆக்கிரமிப்பாளர்கள்?"

எஸ்தர் அக்கா பதிவேட்டை விரித்து நீட்டினார். "நாங்கதான் சார். நாங்களும் சங்கம்தான். பேரு போட்டுக்கீது பாருங்க."

இன்ஸ்பெக்டர் நோட்டீஸைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நல்ல மனிதர்தான்; காலையிலேயே வெயில் ஏறியிருந்தது.

"இருங்க. சங்கம் இடத்தைக் கேக்குது. சங்கத்து ஆளுங்களே இடத்துல இருக்காங்க. அப்போ நான் யாருகிட்டேர்ந்து எடுத்து யாருகிட்ட குடுக்கறது?"

"அதைத்தான் சார் நாங்களும் கேக்கறோம்" என்றார் எஸ்தர் அக்கா.

"இதை எழுத்துல குடுங்க. விளக்கம் கேட்டு மேலே அனுப்பறேன். எனக்கு வேற வழியில்லை."

ஜீப் பானட்டில் தாளை வைத்தேன். பேனாவைத் திறந்து, 'பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு' வரை வந்துவிட்டேன்.

"அதெல்லாம் வாணாம். நான் சொல்றத எழுதுங்க" என்றார் எஸ்தர் அக்கா. "நாங்க இங்க குடியிருக்கிறோம். படத்துல கீற மரம் இங்க இல்ல. வந்து பாத்துக்கலாம். அவ்ளோதான்."

அவ்வளவுதான் எழுதினேன். பானட் சுட்டது. என் கோணல் படத்தையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தோம். கையெழுத்தும் கைரேகையுமாகத் தாள் நிறைந்து பின்பக்கமும் போனது. கடப்பாரை வேன் திரும்பியது. மூட்டை கட்டியவர்கள் போய் மூட்டையைப் பிரித்தார்கள். ஒரு வீட்டிலிருந்து அம்மிச் சத்தம் வந்தது.

கோப்பு

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். மேலே போன காகிதத்துக்குப் பதில் வரவில்லை. ஜீப் வராது என்றும் யாரும் எழுதித் தரவில்லை. சாலையில் ஜீப் சத்தம் கேட்டால் நான் மட்டும் இல்லை, சாமிநாதனும் கேட்டுக்கு வந்து நிற்பார்.

எஸ்தர் அக்கா ஓர் ஏற்பாடு செய்தார். மாதம் ஒரு தடவை தாலுகா ஆபீஸுக்குப் போவது. நகரிலிருந்து ஒருவர், காலனியிலிருந்து ஒருவர், கூடவே அவர். யாருக்கும் விலக்கில்லை. மனு எழுதத் தெரிந்தவரைவிட அங்கே போய் உட்காரத் தெரிந்தவர்தான் வேண்டும் என்பார்.

என் முறை வந்தபோது, குமாஸ்தா நச்சரிப்புத் தாங்காமல் கோப்பையே எடுத்து மேஜைமேல் போட்டார். புரட்டினார். அடியில், கோப்பின் முதல் தாளாக, என் மனு. அந்த அழகான கையெழுத்து. நேரில் பார்வையிட்டதில். சமூக விரோதிகள்.

"அதான் வாபஸ் வாங்கியாச்சே. அந்தத் தாளை எடுத்துடலாமே?" என்றேன்.

"ஃபைல்லேர்ந்து எதையும் எடுக்க முடியாது சார். வேணும்னா மேல போடலாம்."

எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வராந்தாவில் இரண்டு நடை நடந்துவிட்டு வந்தேன். எஸ்தர் அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"அப்போ போட்டுக்கினே இருப்போம்" என்றார்.

மாதாமாதம் ஒரு தாள் போட்டோம். ஒரே வாசகம்தான், நாங்கள் இங்கே குடியிருக்கிறோம். சில மாதம் நான் எழுதினேன். சில மாதம் சரோஜாவின் மகள் எழுதினாள். அவள் கையெழுத்து இன்னும் நன்றாக இருந்தது. தாசில்தார்கள் மாறினார்கள். குமாஸ்தா ஓய்வு பெற்றார். கோப்பு தலையணை கனத்துக்கு வந்து, இரண்டாவது கயிறு போட்டுக் கட்டினார்கள்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் பட்டா வந்தது. நாற்பத்தோரு வீட்டுக்கும். அடிபம்பு அருகே எல்லாருக்கும் கேசரி. ஆளாளுக்குப் பட்டாவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் அக்கா என்னிடம் வந்து, "நாளைக்கு வர்றீங்களா சார், தாலுகா ஆபீசுக்கு? ஒரு தாள் போடணும்" என்றார்.

"இன்னுமா அக்கா? அதான் வந்துடுச்சே."

"வந்ததைத்தான் எழுதிப் போடணும். பின்னாடி எவனாச்சும் அந்தக் கட்டப் பிரிச்சான்னா, மொதல்ல இது கண்ணுல படட்டும். உங்களுது அடியில கெடக்கட்டும்."

மறுநாள் போனோம். அவரே எழுதினார். அவரே வைத்தார். கயிற்றை இழுத்துக் கட்ட மட்டும், முடிச்சின்மேல் என் விரலை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னார்.